காய்ச்சி வடித்த நீர்

இரவு இரண்டு பத்துக்கு
நான் தவறான போத்தலை எடுத்தேன்.
இரண்டுக்கும் ஒரே உயரம், ஒரே நீலமூடி.
ஒன்றில் சேலைன்,
மற்றதில் காய்ச்சி வடித்த நீர்.

குழாயில் இருந்தது
வவுணதீவிலிருந்து மெசின்பெட்டியில் ஏற்றிவந்த
பெண்ணின் இரத்தம்.
மூன்றாம் பிள்ளை பிறந்துவிட்டது,
பெருக்கு நிற்கவில்லை என்று வார்ட்டிலிருந்து துண்டு.
கழுவ ஊற்றினேன். கலக்கினேன்.
மாதுளஞ்சாறு போலத் தெளிந்தது.
சுவர்க் கடிகாரம் அதனூடே சிவப்பாகத் தெரிந்தது.

"வடிவாத் தெளிஞ்சிட்டுகா" என்றாள் றிஸ்மியா.
சொல்லி முடிக்குமுன் அவளுக்கும் விளங்கிவிட்டது.

கலங்கலாய் இருக்கும்வரைதான்
அதில் கலங்கள்.
தெளிந்தால் ஒன்றும் மிச்சமில்லை.

சாதாரணதரத்தில் ஐந்து புள்ளிக்கு எழுதியதுதான்:
உப்பு உள்ளே, உப்பில்லாத நீர் வெளியே,
நடுவில் கொழுப்பின் இரட்டைப் படை.
பத்தாயிரம் அடுக்கினாலும்
ஒரு தாளின் தடிப்பு வராது.
தண்ணீர் கேட்காமல் வரும்.
வர வர உருளும், பருக்கும்,
போதும் என்று சொல்ல அதற்கு வாய் இல்லை.
செங்குழியம் பாவம்.
கருவையும் இழைமணிகளையும்
என்பு மச்சையிலேயே கழற்றிவிட்டு
ஒட்சிசனுக்கு இடம்விட்டு வெளிக்கிட்டது.
நூற்றிருபது நாள் கூலி.
கிழிந்தால் தைக்க அதனிடம்
எழுத்தும் இல்லை, ஊசியும் இல்லை.

கலம் என்று இதற்குப் பேர்வைத்தவர் யாரோ.
சோறு போடும் கலம், கடலில் போகும் கலம்.
விளிம்பு போனால்
சோறு மண்ணில், ஆள் தண்ணீரில்.

நாவற்குடாவில் என் வீட்டில் இப்போது பதின்மூன்று பேர்.
வெல்லாவெளியில் இடுப்பளவு வெள்ளம்,
இவருடைய ஆட்கள்.
எல்லாரையும் வாங்க என்றேன்.
ஒரு கக்கூசு. ஒரு மின்விசிறி.
என் கட்டிலில் யார் படுக்கிறார்கள் என்று
நேற்றுவரை எனக்குத் தெரியாது.
இரவு வேலைக்கு நானாகக் கேட்டு வந்தேன்.
'ஒண்ணா' என்ற சொல் எங்கள் ஊர்ச் சொல்தான்,
எனக்கு மட்டும் வாயில் வருவதில்லை.

மறுகா, மிச்ச இரத்தத்தை எடுத்தோம்.
இம்முறை றிஸ்மியா போத்தலை வாசித்தாள், நான் வாசித்தேன்,
திரும்பவும் அவள் வாசித்தாள்.
நூற்றுக்குத் தசம் ஒன்பது உப்பு.
கண்ணாடியில் ஒரு துளி.
நுணுக்குக்காட்டிக்குக் கீழே வந்து நின்றன
நடுவில் குழிந்த சிறு தட்டுகள்,
தனித்தனியாக, ஒன்றையொன்று தொட்டும் ஒட்டாமல்.
இடையில் ஒரேயொரு வெண்குழியம்
எதையோ விழுங்கிவிட்டு அசையாமல் கிடந்தது,
கரு மூன்று மடலாய்.
பொருந்தியது.
மூன்று பை போனது.
பிறகு வார்ட்டிலிருந்து அழைப்பில்லை.
எங்களுக்குச் செய்தி வருவது அப்படித்தான்.

ஐந்து மணிக்கு இவருடைய அண்ணன் போன் எடுத்தார்.
இன்னும் ஆறு பேர், ஒரு கன்றுக்குட்டி.
முகத்துவாரத்தை வெட்டப்போறாங்களாம்,
வெட்டினால் இறால் போயிரும் என்று
பாலமீன்மடு ஆட்கள் நிற்கிறாங்களாம்,
அதுவரைக்கும்…

"ஒண்ணா அண்ணன்" என்றேன்.
"பள்ளிக்கூடத்தில இடமிருக்கு. சோறு நான் அனுப்புறன்.
பாய் அனுப்புறன். ஆள் ஒண்ணா."
அந்தப் பக்கம் கொஞ்சநேரம் மழைச் சத்தம் மட்டும்.
நல்லவளா கெட்டவளா என்று யோசிக்க நேரமில்லை,
போத்தல் ஒன்றின் மூடியில் பிளாஸ்டர் ஒட்டி
'உப்பு' என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

கல்லடிப் பாலத்தில் ஸ்கூட்டியை நிறுத்தினேன்.
அவ்வளவு தண்ணீரும்
ஒரு மணல்மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது.
மண்வெட்டி அகலம் திறந்தால் போதும்,
மீதியை அதுவே வெட்டிக்கொள்ளும்.
எப்போது மூடும் என்றுதான் யாரும் பேசுவதில்லை.

வாவி மண்ணிறமாக, கலங்கலாகக் கிடந்தது.
எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.